பழைய ரயில் யார்டைப் பார்க்கப் போகும் ரசிகருக்கு முழு வழிகாட்டி: அனுமதிக் கடிதம் முதல் அன்றிரவுக் குறிப்பு வரை

பழைய யார்டுக்கு முதன்முறையாக வருபவர்களைப் பல தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். வாசலைத் தாண்டியதும் ஏறக்குறைய எல்லோரும் நேராக எஞ்சினிடம் ஓடுவார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கையில் முந்நூறு படம் இருக்கும். அந்த எஞ்சின் எந்த லைனில் நின்றது, பக்கத்தில் இருந்த குழி எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது.

எஞ்சினை வேறு ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம். தரையை அப்படிக் கொண்டுபோக முடியாது. அந்த யார்டு எப்படி வேலை செய்தது என்பது தரையில்தான் பதிந்திருக்கிறது. அதனால் கீழே உள்ள வரிசையில் தரை முதலில் வருகிறது, எஞ்சின் பிறகு வருகிறது. வரிசையை மாற்றாமல் ஒரு முறை செய்து பாருங்கள்.

1. நிலம் யாருடையது என்று கண்டுபிடித்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள்

புல் மண்டிக் கிடக்கும் யார்டுக்கும் சொந்தக்காரர் உண்டு. ரயில் நிர்வாகமாக இருக்கலாம், அருங்காட்சியகமாக இருக்கலாம், பழைய இரும்பு வியாபாரியாகவும் இருக்கலாம். சில இடங்களில் நிலம் ஒருவருடையது, மேலே நிற்கும் வண்டிகள் இன்னொருவருடையது. அப்படியானால் இருவரிடமும் கேட்க வேண்டும்.

கடிதத்தில் நாள், நேரம், எத்தனை பேர், எந்தப் பகுதி, படம் எடுப்பீர்களா, அதை வெளியிடுவீர்களா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். வாய்ப்பேச்சு அனுமதி போதாது. சரி என்று சொன்னவர் அன்றைக்கு விடுப்பில் இருப்பார், வாசலில் நிற்கும் காவலருக்கு உங்களைத் தெரியாது. அனுமதிக் கடிதத்தைத் தாளில் அச்சிட்டு எடுத்துப் போங்கள்.

அனுமதி கிடைக்கவில்லை என்றால் வேலி தாண்ட வேண்டாம். பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் பழைய யார்டுகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. அமெரிக்காவில் ஸ்க்ரான்டன், சாமா, இங்கிலாந்தில் 1932-ல் கட்டிய எஞ்சின் ஷெட்டும் நிலக்கரி மேடையும் இன்னும் நிற்கிற டிட்காட், ஜப்பானில் 1914-ல் கட்டிய உமேகோஜி வட்ட ஷெட் என்று சொல்லிக்கொண்டே போகலாம். யார்டைப் படிக்கப் பழக இவை போன்ற இடங்கள்தான் சரி. எதைப் பார்க்கிறோம் என்று சொல்லித்தர அங்கே ஆள் இருப்பார்கள்.

2. போவதற்கு முன்பே வரைபடம் போட்டுவிடுங்கள்

செயற்கைக்கோள் படத்தைத் திறந்து யார்டின் இரு முனைகளையும் தேடுங்கள். பல லைன்கள் ஒன்றாகச் சேர்ந்து மெயின் லைனோடு கலக்கும் இடம் யார்டின் கழுத்து. அங்கிருந்து ஏணிபோலச் சாய்வாக ஒரு லைன் ஓடும், வண்டியை ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் பாயின்ட் ஒவ்வொன்றிலும் அதிலிருந்து ஒரு பக்க லைன் பிரியும். தரையில் நின்றால் இந்த அமைப்பு கண்ணில் படாது. நிற்கும் வேகன்களே மறைத்துவிடும்.

அடுத்து வட்டத்தைத் தேடுங்கள். எஞ்சினை நிறுத்தித் திருப்பும் சுழல்மேடையான டர்ன்டேபிளைப் பெயர்த்து, குழியை மண் போட்டு மூடியிருந்தாலும், அந்த இடத்துப் புல்லின் நிறம் மாறி வட்டமாகத் தெரியும். அதைச் சுற்றி விசிறி வடிவத்தில் சுவர்த்தடம் இருந்தால் அங்கே வட்ட ஷெட் இருந்திருக்கிறது. பழைய நிலப்படம் கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பிறகு ஒரு தாளில் கோட்டுப்படம் வரைந்து, மெயின் லைன் பக்கத்திலிருந்து தொடங்கி லைன்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். இந்த எண்தான் அன்று முழுக்க உங்கள் முகவரி. ‘இடது பக்க லைன்’ என்று எழுதினால் திரும்பி நடக்கும்போது அது வலது பக்கமாகிவிடும். ‘4-ஆம் லைன், வடக்கு முனை’ என்று எழுதினால் என்றைக்கும் மாறாது.

3. என்னென்ன எடுத்துப் போவது

கணுக்காலை மூடும் உறுதியான காலணி. ஜல்லியில் கால் புரள்வதுதான் யார்டில் அடிக்கடி நடக்கும் விபத்து. வெளிர் நிறமோ ஒளிரும் நிறமோ கொண்ட மேலங்கி, கையுறை, தண்ணீர், கைவிளக்கு, பென்சில், தடித்த அட்டை போட்ட நோட்டு. பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும், பென்சில் கலையாது.

அளவு நாடா எடுத்தால் துணி அல்லது நார் நாடாவாக இருக்கட்டும். இரும்பு நாடா வேண்டவே வேண்டாம். பல லைன்களில் தண்டவாளம் வழியாக மெல்லிய மின்னோட்டம் ஓடும். ரயில் நிற்கிறதா இல்லையா என்று சிக்னல் தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே இரும்பு நாடாவை வைத்தால், அங்கே ரயில் நிற்பதாக எண்ணி சிக்னல் சிவப்பாகிவிடலாம். பழைய யார்டு லைனில் அந்த மின்னோட்டம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் ஒட்டி ஓடும் மெயின் லைனில் இருக்கக்கூடும்.

4. வாசலில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

பொறுப்பாளரைப் பார்த்ததும் படம் எடுக்கலாமா என்று தொடங்காதீர்கள். முதலில் கேட்க வேண்டியவை இவை: இன்று எந்த லைனில் வண்டி நகரும்? மேலே ஓடும் மின்கம்பியில் மின்சாரம் இருக்கிறதா? எந்தக் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது? ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது?

கேட்ட உடனே உங்கள் கோட்டுப்படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மின்கம்பி பற்றி ஒரு வார்த்தை. பல நாடுகளில் அதில் 25,000 வோல்ட் ஓடுகிறது. கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்பதில்லை, அருகில் போனாலே மின்சாரம் தாவும். ஆகவே மின்கம்பி உள்ள இடத்தில் வேகன் மேல் ஏறுவதோ, செல்ஃபி குச்சியையோ கேமரா காலையோ உயர்த்துவதோ கூடாது.

5. நடக்கும் முறை

எந்த லைனையும் செத்த லைன் என்று நினைக்காதீர்கள். துருப்பிடித்த தண்டவாளத்தில் வண்டி வராது என்று புதியவர்கள் நம்புகிறார்கள். ஷன்டிங் செய்யும் எஞ்சின் அன்று காலை அந்த லைனில்தான் நான்கு வேகனைத் தள்ளி விடும். எஞ்சின் இல்லாமல் தானாக உருளும் வேகன் சத்தமே போடாது. காதை நம்பாமல் இரண்டு பக்கமும் கண்ணால் பாருங்கள்.

லைனைக் கடக்கும்போது நேர்குறுக்காகக் கடந்து, தண்டவாளத்தின் மேல் மிதிக்காமல் தாண்டுங்கள். மேற்பரப்பு வழுவழுப்பானது, பனியோ எண்ணெயோ பட்டால் கால் நிற்காது. பாயின்ட் இருக்கும் இடத்தில் கடக்கவே கூடாது. நகரும் நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கால் சிக்கினால், தொலைவில் ஒருவர் அதைத் திருப்பும்போது எடுக்க நேரம் இருக்காது.

நிற்கும் இரண்டு வேகன்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் அதில் நுழையத் தோன்றும். நுழையாதீர்கள். மறுமுனையில் ஒரு தட்டு தட்டினால் இடைவெளி மூடிவிடும். கடைசி வேகனைச் சுற்றிப் போங்கள், அதுவும் ஒட்டாமல். ஒரு வேகன் நீளம் தள்ளிச் சுற்றுவது என் வழக்கம். வண்டிக்குக் கீழே குனிந்து நுழைவது பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

வண்டியின் உடல் தண்டவாளத்தைத் தாண்டி ஏறத்தாழ ஒரு மீட்டர் வெளியே நீளும். ஆகவே இரண்டு லைன்களுக்கு நடுவே நின்று நகரும் வண்டியைப் பார்ப்பது இருபுறமும் சுவர் நெருங்கும் சந்தில் நிற்பதற்குச் சமம்.

6. கேமராவைப் பைக்குள் வைத்து ஒரு முழுச் சுற்று

இந்தப் படியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். முதல் சுற்றில் படம் எடுக்காதீர்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, கோட்டுப்படத்தைச் சரிபாருங்கள். இல்லாத லைனை அடியுங்கள், புதிதாகப் பார்த்ததைச் சேருங்கள். மூடி உளுத்த குழி, சாய்ந்த சுவர், அவிழ்ந்து தொங்கும் தகரம் எங்கே என்று குறியுங்கள்.

கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்த ஒருவர் சாம்பல் குழிக்குள் விழுந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, மணிக்கட்டு சுளுக்கியதோடு போயிற்று. குழி எங்கே என்று தெரிந்த பிறகு கேமராவை எடுங்கள்.

7. தரையைப் படியுங்கள்

நீராவி எஞ்சின் ஷெட் என்றால் அங்கே நான்கு வேலைகளின் தடம் இருக்கும்: நிலக்கரி, தண்ணீர், மணல், சாம்பல். இந்த நான்கும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள். வேலை முடிந்து வரும் எஞ்சின் எந்த வழியாக உள்ளே வந்தது என்பதை அந்த வரிசையே சொல்லிவிடும்.

சாம்பல் குழி தண்டவாளங்களுக்கு நடுவே நீளமாக இருக்கும், செங்கல் சூட்டில் கருகி வெடித்திருக்கும். அது பெரும்பாலும் ஷெட்டுக்கு அருகில் இருப்பதற்குக் காரணம் உண்டு. நெருப்பைக் கொட்டிய பிறகு பாய்லரில் மிச்சமிருக்கும் நீராவியை வைத்துத்தான் எஞ்சின் தன் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கருகாத, எண்ணெய் படிந்த குழி என்றால் அது அடியில் நின்று பழுது பார்க்கும் குழி. புதியவர்கள் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள்.

தண்ணீர் ஊற்றும் தூண் போயிருந்தாலும் அதன் அடியில் வடிகால் சல்லடையோ கல் வட்டமோ இருக்கும். சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணல் காய்ந்திருக்க வேண்டும். அதனால் புகைபோக்கி உள்ள சின்ன அறை ஒன்று தனியாக நின்றால் அது மணல் உலர்த்தும் அறையா என்று பாருங்கள். சுற்றிலும் தரை கறுப்பாக இருந்தால் வியக்க வேண்டாம். ஜல்லிக்குப் பதில் எஞ்சின் சாம்பலையே யார்டில் பரப்பும் வழக்கம் பரவலாக இருந்தது.

அடுத்து, ரயில்கள் ஒதுங்கி நிற்கும் லூப் லைன்களின் நீளத்தைக் காலடி எண்ணி அளந்துகொள்ளுங்கள். அந்த யார்டு எவ்வளவு நீளமான ரயிலை ஒரே லைனில் வாங்க முடிந்தது என்று அதிலிருந்து தெரியும். பிறகு எங்கேயாவது செயற்கையான மேடு இருக்கிறதா என்று பாருங்கள். வேகன்களை மேட்டில் தள்ளி, அவற்றை இணைக்கும் கப்ளிங்கை அவிழ்த்து, இறக்கத்தில் தானாக உருளவிட்டு வேறு வேறு லைனுக்குப் பிரிக்கும் யார்டுகள் உண்டு. மேட்டின் அடியில் தண்டவாளத்தின் இருபுறமும் கனமான இரும்புத் தாடைகள் இருந்தால், அவை சக்கரத்தைக் கவ்வி வேகத்தைக் குறைத்தவை.

தண்டவாளத்தின் அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் மரக்கட்டையாக இருக்கும் இடத்தில் பழைய ஆணித்துளைகளையும் விடாதீர்கள். இப்போது இரண்டு தண்டவாளங்களும் 1,676 மி.மீ. இடைவெளியில் இருக்க, உள்ளே ஒரு மீட்டர் இடைவெளியில் இன்னொரு ஜோடித் துளை இருந்தால், அந்தக் கட்டை மீட்டர் கேஜ் காலத்தைப் பார்த்திருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் எழுத வேண்டும். வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து போட்ட பழைய கட்டையாகவும் இருக்கலாம் அல்லவா? பத்துக் கட்டைகளில் அதே தடம் தொடர்ந்தால் துணிந்து எழுதுங்கள். ஒன்று மறக்க வேண்டாம்: கட்டைகளில் பூசிய கிரியோசோட் தோலை அரிக்கும், வெறுங்கையால் தடவாதீர்கள்.

8. தண்டவாளத்தில் உள்ள எழுத்து

தண்டவாளத்தின் நடுப்பட்டையில் புடைத்த எழுத்துகள் இருக்கும். செய்த ஆலை, எடை, ஆண்டு, மாதம் எல்லாம் அதில் உண்டு. மாதத்தை அமெரிக்கத் தண்டவாளங்களில் நிமிர்ந்த கோடுகளாகக் காட்டுவார்கள், ஐந்து கோடு என்றால் மே மாதம். பல பிரிட்டிஷ் தண்டவாளங்களில் ரோமன் எண்ணாக இருக்கும். எடையில் 90 என்று இருந்தால் அது பெரும்பாலும் கெஜத்துக்கு 90 பவுண்டு, மீட்டருக்குச் சுமார் 44.6 கிலோ. 52, 60 என்றால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்காக இருக்கும்.

துருவில் எழுத்து தெரியவில்லை என்றால் சுரண்டாதீர்கள், சாக்பீஸும் தேய்க்காதீர்கள். கைவிளக்கைத் தண்டவாளத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். புடைத்த எழுத்தின் நிழல் விழுந்து, இல்லாதது போலிருந்த ஆண்டு தெரிய வரும். பகலில் மேலங்கியால் நிழல் கட்டிக்கொண்டு விளக்கைப் பிடிக்கலாம். எனக்கு யார்டில் ரொம்பப் பிடித்த நிமிடம் இதுதான்.

ஆனால் இங்கேதான் பெரிய தவறும் நடக்கிறது. 1911 என்று இருந்தால் உடனே ‘யார்டு 1911-ல் போட்டது’ என்று எழுதிவிடுவார்கள். மெயின் லைனில் தேய்ந்த தண்டவாளத்தைப் பெயர்த்து, மெதுவாக ஓடும் யார்டு லைனில் மறுபடி போடுவது ரயில்வேக்களின் பொதுவான வழக்கம். அந்த ஆண்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தண்டவாளம் இங்கே வந்தது அதற்கு முன்னால் இருக்க முடியாது.

9. இப்போது எஞ்சினிடம் போகலாம்

முதலில் சக்கரங்கள். ஒரு பக்கத்தில் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். முன்னால் சின்னச் சக்கரம், நடுவில் இயங்கும் பெரிய சக்கரம், பின்னால் சின்னச் சக்கரம் என்று மூன்று எண். 2-8-2 என்று எழுதும் இந்த முறை 1900-ல் ஃபிரெடெரிக் வைட் கொடுத்தது. பிரெஞ்சு முறையில் சக்கரத்தை எண்ணாமல் அச்சை எண்ணுவார்கள், அதே எஞ்சின் 141 ஆகிவிடும். எந்த முறையில் எழுதினீர்கள் என்று குறியுங்கள். எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரின் சக்கரம் இந்தக் கணக்கில் சேராது. டீசல், மின்சார எஞ்சின் என்றால் எழுத்து வரும்: ஒவ்வொரு போகியிலும் (அச்சுகளைத் தாங்கும் அடிச்சட்டம்) தனித்தனி மோட்டாரோடு மூன்று அச்சு இயங்கினால் கோ-கோ (Co-Co).

அப்புறம் தயாரிப்பாளர் தகடு. அதில் கம்பெனி, வரிசை எண், ஆண்டு இருக்கும். அந்த எண்ணும் எஞ்சினின் பக்கத்தில் எழுதிய ஓட்ட எண்ணும் வேறு வேறு, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். தகடு சொல்வதை மட்டும் நம்பவும் வேண்டாம். பழுதுபார்க்கும்போது பாய்லரை மாற்றுவார்கள், டெண்டரை மாற்றுவார்கள். சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் எஞ்சின் எண்ணைப் பொறித்திருப்பார்கள். அங்கே வேறு எண் இருந்தால் அந்தத் தண்டு வேறொரு எஞ்சினிலிருந்து வந்தது. வேல்ஸில் பாரி என்ற ஊரின் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து 213 எஞ்சின்களை ரசிகர்கள் மீட்டார்கள். அங்கே பல ஆண்டு நின்றவற்றில் நிறைய உறுப்புகள் கழற்றப்பட்டிருந்தன. அப்படி ஒரு வரலாறு இருந்தால், ஒரு எஞ்சினைப் பல எஞ்சின்களின் சேர்க்கையாகத்தான் பார்க்க வேண்டும்.

சக்கரத்தின் அடியில் செருகிய கட்டையை நகர்த்தாதீர்கள். எந்த வால்வையும் திருகாதீர்கள். கேபினுக்குள் ஏற அனுமதி வேறு, யார்டுக்குள் வர அனுமதி வேறு. பாய்லரைச் சுற்றிய உறை கிழிந்து வெள்ளையாக நார் தொங்கினால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். பழைய பாய்லர் உறைகளில் கல்நார் இருந்தது, அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

10. வேகன்கள்

எண்ணை முழுசாக எழுதுங்கள், பாதி எண்ணால் பயனில்லை. இந்திய வேகன் எண்ணில் 11 இலக்கம்: முதல் இரண்டு வகை, அடுத்த இரண்டு சொந்தமான ரயில்வே, அடுத்த இரண்டு செய்த ஆண்டு, பிறகு நான்கு வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்க்கும் இலக்கம். வட அமெரிக்காவில் எண்ணோடு எழுதியிருக்கும், சொந்தக்காரரைக் காட்டும் எழுத்துக்குறி எக்ஸ் (X) என்று முடிந்தால் அந்த வேகன் ரயில் கம்பெனியுடையது அல்ல. சக்கர அச்சின் முனையில் மூடி போட்ட பெட்டி இருந்தால் அது எண்ணெய் ஊற்றி ஓட்டிய பழைய முறை. உருளைத் தாங்கி வந்த பிறகு அந்த மூடிப்பெட்டி தேவையில்லாமல் போயிற்று.

11. படம் எடுக்கும் வரிசை

ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு படம்: அது நிற்கும் இடம் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, முழு உருவம் ஒன்று, எண் ஒன்று, நுணுக்கமான ஒரு பகுதி ஒன்று. தூரப் படத்தை முதலில் எடுங்கள். கடைசியில் எடுக்கலாம் என்று விட்டால் மறந்துபோகும், பிறகு எந்தச் சக்கரம் எந்த வண்டியுடையது என்று தெரியாது. ஒரு வண்டி முடிந்ததும் உங்கள் நோட்டில் லைன் எண் எழுதிய பக்கத்தையே ஒரு படம் எடுத்துக்கொண்டால் வரிசை குழம்பாது.

உச்சிவெயிலில் சக்கரமும் அடிச்சட்டமும் கறுப்பாகப் போய்விடும். வெயில் தாழ்வாக விழும் நேரத்தை அவற்றுக்கு வைத்துக்கொண்டு, உச்சிவெயிலில் ஷெட்டுக்குள் வேலை பாருங்கள்.

12. அங்கே வேலை பார்த்தவரிடம் பேசுவது

ஓய்வுபெற்ற ஊழியர் யாராவது கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அவரோடு நடங்கள். ஆண்டு கேட்காதீர்கள், ஆண்டு யாருக்கும் சரியாக நினைவிருக்காது. “ஐயா, டியூட்டிக்கு வந்ததும் முதலில் எங்கே போவீங்க?” என்று கேளுங்கள். கால் தானாக அந்த வழியில் நடக்கும், வாய் தானாகப் பேசும். லைன்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரைக் கேட்டு, உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பதிவு செய்வதானால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

13. அன்றிரவே முடிக்க வேண்டியவை

மறுநாளுக்குத் தள்ளினால் பாதி போய்விடும். குறிப்புகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: கண்ணால் பார்த்தது, மற்றவர் சொன்னது, நானாக ஊகித்தது. ஊகத்தைப் பார்த்ததுபோல எழுதிவிட்டால், அடுத்து படிப்பவர் அதை உண்மையென்று வேறு இடத்தில் எழுதுவார், திருத்தவே முடியாது.

படங்களை வெளியிடும் முன் ஒருமுறை பாருங்கள். பித்தளைத் தகடு இன்னும் இருக்கிறது என்பதையும் வேலியில் எங்கே ஓட்டை என்பதையும் காட்டும் படங்களைத் தனியே எடுத்து வையுங்கள். தகடு திருடுபவர்களும் அந்தப் படங்களைப் பார்ப்பார்கள். யார்டிலிருந்து ஓர் ஆணியைக்கூட நினைவுக்காக எடுத்து வரக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். நீங்கள் எடுத்துவந்த ஆணிதான் அடுத்தவருக்குச் சான்றாக இருந்திருக்கும்.

கோட்டுப்படத்தின் ஒரு பிரதியை அனுமதி கொடுத்தவருக்கு அனுப்புங்கள். முதல் சுற்றில் குறித்த உளுத்த குழி மூடிகளையும் தொங்கும் தகரத்தையும் அதில் சிவப்பில் காட்டுங்கள். சொந்தக்காரருக்கே தெரியாத பழுது சில அதில் இருக்கும். அடுத்த முறை அனுமதி கேட்கும்போது அந்தப் பிரதியைக் கடிதத்தோடு இணைத்துவிடலாம்.